மல்சூனின் வயிற்றில் மூன்று மொட்டுகள்

மல்சூன் கை பட்டால் அழுக்கு தானாகக் கழன்று வரும் என்று யோங்தோ தீவின் பொதுக் குளியல் கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. தானாக ஒன்றும் வராது. அவள் தன் முழு உடம்பையும் போட்டு உந்தித் தேய்ப்பாள், அதனால் வரும். நாலே முக்கால் அடி உயரம், ஐம்பத்தெட்டு வயது, இரும்புத் தோள். குளிக்க வந்த பெண்கள் சுடுநீர்த் தொட்டியில் அரைமணி நேரம் ஊறிவிட்டு வந்து, இளஞ்சிவப்பு ரெக்சின் போட்ட அந்த மேசைமேல் ஈரத்தோடு மல்லாக்கப் படுப்பார்கள். மல்சூன் கையில் சொரசொரப்பான பச்சைக் கையுறையை மாட்டிக்கொண்டு கழுத்தில் தொடங்கிக் குதிகால் வரை போவாள். அந்தப் பக்கத்துத் தோளுக்கு எட்ட வேண்டுமென்றால் மேசைமேல் பாதி ஏறிக் கவிழ்ந்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு.

ஆழ்கடல் கப்பலுக்குப் போன கணவன் உலகத்தின் அந்தக் கோடியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மகன் உல்சானில் கப்பல் கட்டும் தளத்தில் பற்றவைப்பு வேலையில் இருக்கிறான். பெருநாளைக்குப் பெருநாள் வருவான். இரண்டு பேரைப் பற்றியும் கேட்டால், "இருக்கானுங்க" என்பாள். அதற்குமேல் பேச்சு வளராது.

போன வசந்தத்தில் அவளுக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. மலக்குடலை அப்படியே எடுத்துவிட்டு, மீதிக் குடலின் நுனியை இடப்பக்க வயிற்றில் வெளியே கொண்டுவந்து தைத்து ஒரு வாய் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அதற்குப் பெயர் ஸ்டோமா. இனி ஆயுசுக்கும் அதன் வழியாகத்தான் மலம் வரும். மேலே ஒரு பை ஒட்டிக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்குக் கனமான வேலை கூடாது என்று டாக்டர் சொன்னார். மல்சூன் எழுபது நாள் பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை, ஏனென்றால் அவள் மேசையில் அப்போது அவளுக்குப் பதிலாக மிரான் என்ற தேய்ப்புக்காரி நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது, நல்ல கை, அதைவிட நல்ல சிரிப்பு. அந்த மேசை கைவிட்டுப் போனால் தனக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே மிஞ்சாது என்று மல்சூனுக்குத் தெரியும்.

முதலாளியம்மாவிடம் பித்தப்பைக் கல் என்று புளுகினாள். கறுப்பு உள்ளாடை மட்டும் போட்டுக்கொண்டு வேலை செய்வதுதான் தேய்ப்புக்காரிகளின் வழக்கம். மல்சூன் கறுப்பு நீச்சலுடை ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டாள். உள்ளே பையின்மேல் துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றிக் கட்டினாள். பையை ஒட்டும் தட்டில் குடல்வாய் அளவுக்கு ஓட்டை வெட்ட வேண்டும். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் அதையும் கழுத்தைப் பிடிப்பதுபோலச் சின்னதாக வெட்டினாள்.

வேலைக்குத் திரும்பிய மூன்றாவது வாரம் பை மாற்றும்போது பார்த்தாள். குடல்வாயின் இடது கீழ் ஓரத்தில் ஈரமாக, சிவப்பாக, அவரை விதையளவில் மூன்று மொட்டுகள். வேறு யாராக இருந்தாலும் பயந்துபோய் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். மல்சூனோ பச்சைக் கையுறையை மாட்டிக்கொண்டாள். தோலில் வேண்டாதது எதுவாக இருந்தாலும் தேய்த்தால் போகும் என்பது அவள் கண்ட உண்மை. தேய்த்தாள். மொட்டு போகவில்லை, ரத்தம்தான் கொட்டியது. அப்புறம்தான் பயம் வந்தது. நோய் திரும்பி வந்துவிட்டது என்றே முடிவு கட்டினாள்.

டாக்டர் ஒரு மொட்டின் நுனியைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். கேன்சர் இல்லை என்று முடிவு வந்தது. "ரெண்டாவது மாடிக்குப் போங்க, யுன்ஹா சிஸ்டர் பாத்துப்பாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

யுன்ஹா குடல்வாய்ப் பராமரிப்புக்கென்றே தனியாகப் படித்த நர்ஸ். நாற்பது வயது, ஒட்ட வெட்டிய தலைமுடி, அவசரமே தெரியாத கை. செவ்வாய்க்கிழமைதோறும் அவளுடைய சின்ன அறைக்கு வெளியே பைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

"இது நோய் இல்லம்மா. எதாச்சும் உரசிக்கிட்டே இருந்தா சதை கோவிச்சுக்கிட்டு இப்படி முளைக்கும்" என்றாள் யுன்ஹா. பிறகு குனிந்து பார்த்தாள். "இது என்ன கோடு கோடா?"

"கொஞ்சம் தேய்ச்சேன்."

"எதால?"

மல்சூன் கூரையைப் பார்த்தாள். "கையுறையால."

"அந்தப் பச்சைக் கையுறையா? குடல் மேலயா? அம்மா!"

"இருபத்திரண்டு வருஷத்துக் கை சிஸ்டர், சும்மா இருக்குமா?"

யுன்ஹா வெதுவெதுப்பான தண்ணீரில் சுற்றிலும் துடைத்து, ஒற்றி உலர வைத்து, பக்கத்துத் தோலுக்கு வாசலைன் தடவினாள். பிறகு ஒரு டப்பாவிலிருந்து தீக்குச்சி போன்ற நீளக் குச்சியை எடுத்தாள். நுனியில் வெள்ளி நைட்ரேட் மருந்து. மொட்டைத் தொட்டு மெதுவாக உருட்டினாள். சிவப்பு கண்ணெதிரே சாம்பல் நிறமானது.

"வலிக்குமா?"

"குடலுக்கு வலி தெரியாது. பக்கத்துத் தோல்ல பட்டாத்தான் சுரீர்னு எரியும்."

"வலி தெரியாத இடம்னு ஒண்ணு எனக்குள்ள இருந்திருக்கே! கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அதை வச்சுச் சமாளிச்சிருப்பேன்."

யுன்ஹா சிரித்தாள், குச்சி மட்டும் ஆடவில்லை. மூன்று மொட்டுக்கும் போட்டுவிட்டு, ஓட்டையைத் தாராளமாக வெட்டச் சொல்லிக்கொடுத்தாள். குடல்வாயைச் சுற்றி ஒரு நூல் இடம் விட வேண்டும், கசிந்தால் அதற்கென்று இருக்கும் பசையை இட்டு அடைக்க வேண்டும், நெரிக்கக் கூடாது. எல்லாம் முடிந்து கையைக் கழுவும்போது கேட்டாள்:

"வேலைக்குப் போறீங்களா?"

"வேலையா? சோபால படுத்து நாடகம் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் மல்சூன்.

அங்கேதான் அவள் சறுக்கினாள். ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த செவ்வாய் மொட்டுகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. அதற்கடுத்த செவ்வாய் மறுபடி தடித்திருந்தன. யுன்ஹா மறுபடி குச்சி போட்டாள். மறுபடி சுருங்கின, மறுபடி தடித்தன. ஓட்டை சரியாகத்தான் வெட்டியிருந்தது. தையல் நூல் எதுவும் உள்ளே தங்கவில்லை. ஆனால் எப்போது பார்த்தாலும் அதே இடது கீழ் ஓரம்.

"எதோ வந்து இங்கேயே இடிக்குதும்மா. பேன்ட் பட்டை இறுக்கமா?"

"ரப்பர் பட்டைதான்."

"குப்புறப் படுப்பீங்களா?"

"இல்லியே."

"வேற என்னதான் இடிக்குது?"

மல்சூன் யோசித்துவிட்டு, "பக்கத்து வீட்டுப் பூனை சிஸ்டர். வயித்து மேல ஏறி மாவு பிசையற மாதிரி பிசையுது" என்றாள்.

யுன்ஹா அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். "பூனைகிட்ட சொல்லி வைங்க" என்றாள். அன்றைக்கு அதோடு விட்டுவிட்டாள்.

சூசோக் பெருநாளுக்கு முந்தைய வாரம் வந்தது. ஊரே அழுக்கைத் தேய்த்துவிட்டுத்தான் மூதாதையருக்குப் படையல் போடும். குளியல் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. மல்சூன் காலையிலிருந்து ஒன்பது பேரைத் தேய்த்திருந்தாள். பத்தாவதாக வந்து படுத்தவள் ஜாகல்சி சந்தையில் நெத்திலிக் கருவாடு விற்கும் ஒக்ஜா. அறுபத்தாறு வயது, வாயைத் திறந்தால் சந்தை முழுக்கக் கேட்கும். மல்சூனின் மேசையில் பதினெட்டு வருஷ வாடிக்கை. வலது பக்கம் முடிந்தது. இடது பக்கத்துக்கு எட்டிக் குனிந்தபோது மல்சூனின் வயிற்றில் பையின் ஒட்டு விலகி ஏதோ வெதுவெதுப்பாக இறங்கியது. ஒக்ஜாவின் வெளுத்த இடுப்பில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது.

ஒக்ஜா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அய்யய்யோ! கொன்னுட்டா! என்னைக் கிழிச்சுட்டா!"

ஓடு பதித்த அந்தக் கூடத்தில் முணுமுணுத்தாலே நாலு சுவரும் திருப்பிச் சொல்லும். ஒக்ஜாவின் கூச்சலுக்குக் கேட்க வேண்டுமா? நாற்பது தலைகள் திரும்பின.

"உங்களுது இல்லக்கா. என்னோடது" என்றாள் மல்சூன்.

"உன்னோடதா? எங்கேயிருந்து?"

இனி என்ன புளுகுவது? பூனையைக் குளியல் கூடத்துக்குக் கூட்டி வர முடியாது. "வயித்துல குடலை வெளிய எடுத்து வச்சிருக்காங்க. அதுல பை. பக்கத்துல சதை வளர்ந்திருக்கு, அதுதான் ரத்தம்" என்றாள்.

ஒக்ஜா மேசையிலிருந்து இறங்கி, இரண்டு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனாள். ஒக்ஜா பேசாமல் போனதை அந்தக் கூடம் அதுவரை பார்த்ததில்லை. கத்தியிருந்தால்கூட மல்சூனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

முதலாளியம்மா மல்சூனை உடைமாற்றும் அறைக்குக் கூப்பிட்டாள். கெட்டவள் இல்லை, ஆனால் கொதிகலன் எரிய ஆள் வர வேண்டும். "ஆஸ்பத்திரில எழுதி வாங்கிட்டு வா. நோய் யாருக்கும் ஒட்டாது, நீ இந்த வேலை செய்யலாம்னு ரெண்டு வரி. பெருநாள் முடியற வரைக்கும் மிரான் நிக்கட்டும்."

"எழுதித் தரலேன்னா?"

"தரலேன்னா மிரானே நிக்கட்டும்" என்றாள் முதலாளியம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை இல்லை. இருந்தும் மல்சூன் இரண்டாவது மாடிக்குப் போய் யுன்ஹாவின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். நீச்சலுடை, துணிப்பட்டை, ஒக்ஜா, ரத்தம், பூனை இல்லவே இல்லை என்பது வரை. முடிந்ததும் யுன்ஹா மல்சூனின் கையை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தாள். விரல் நுனிகள் வெளிறி ஊறிப்போய்ச் சுருங்கியிருந்தன.

"சோபால படுத்து நாடகம் பாக்கறவங்க விரல் இப்படியா இருக்கும்? ரெண்டாவது வாரமே எனக்குத் தெரியும்."

மல்சூனுக்குச் சுர்ரென்று ஏறியது. "தெரிஞ்சேதான் வாராவாரம் என்னைச் சுட்டீங்களா? நான் முட்டாள் மாதிரி பூனைக்கதை சொல்றேன், நீங்க உம் கொட்டிக்கிட்டு இருந்தீங்க!"

"வேலைய விடுங்கன்னு சொல்லியிருந்தா மறு வாரம் வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டாள். அது தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. "அது வேற விஷயம்" என்றாள்.

"என் மேலயும் தப்பு இருக்கும்மா. நீங்களாச் சொல்லட்டும்னு காத்திருந்தேன். நேராக் கேட்டிருக்கணும்." யுன்ஹா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் யாரும் தன்னிடம் தப்பு என்று ஒப்புக்கொண்டதாக மல்சூனுக்கு நினைவில்லை. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"எழுதித் தருவீங்களா?"

"ஒட்டாதுன்னு டாக்டர்கிட்ட இப்பவே கையெழுத்து வாங்கிடலாம். வேலை செய்யலாம்னு எப்படிச் சொல்றது? அந்த வேலைதானே இதை வளர்க்குது. சோபா வேலைன்னா தாராளமா எழுதலாம்."

"அப்போ நான் செத்தேன்" என்றாள் மல்சூன். அழவில்லை. ஆனால் அதை அவள் விளையாட்டாகச் சொல்லவும் இல்லை.

யுன்ஹா நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தாள். "பெருநாள் முடிஞ்சு எனக்கு ஒரு நாள் லீவு. அதுவரைக்கும் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க. நீங்க எப்படி நின்னு செய்யறீங்கன்னு நான் வந்து பாக்கறேன்."

அந்தப் பத்து நாளும் மல்சூன் நிஜமாகவே சோபாவில் படுத்து நாடகம் பார்த்தாள். இன்னும் இரண்டு முறை குச்சி போட்டதில் மொட்டுகள் கறுத்து, உலர்ந்து, உதிர்ந்தன. அந்த இடம் வெறும் தோலாகிவிட்டது. பெருநாளைக்கு மகன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். அவனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

பதினோராவது நாள் காலையில் யுன்ஹா சோப்புக் கூடையோடு வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரிச் சீருடை இல்லாமல் அவளை மல்சூன் பார்த்ததில்லை. இங்கே எந்த உடையும் இல்லாமல் வந்து மேசையில் படுத்தாள். நன்றாக ஊறியிருந்தாள். மல்சூன் நீச்சலுடையோடும் பட்டையோடும் நின்று கையுறையை மாட்டி முதல் இழுப்பு இழுத்தாள். சாம்பல் நிறத்தில் அழுக்கு திரி திரியாக வந்தது.

"அடப் பாவமே! இவ்வளவு அழுக்கை மேல வச்சுக்கிட்டா என் வயித்தைச் சுத்தம் பண்ணீங்க?"

"எனக்கு எங்கம்மா நேரம்? எல்லாச் செவ்வாயும் உங்க பூனையே எடுத்துக்குதே."

இந்தப் பக்கக் கை, இந்தப் பக்கக் கால் முடிந்தது. மல்சூன் வழக்கம்போல மேசைமேல் கவிழ்ந்து அந்தப் பக்கத் தோளுக்கு எட்டினாள்.

"நில்லுங்க. அப்படியே அசையாம நில்லுங்க." யுன்ஹா படுத்தபடியே மல்சூனின் வயிற்றுக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே விரல்களை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. இடது கீழ் ஓரம், கச்சிதமாக அதே இடம். முழு உடம்புப் பாரமும் அதன்மேல்தான் இருந்தது. "அந்தப் பக்கத்தை அந்தப் பக்கமாப் போய்த் தேய்ச்சா என்ன?"

"எப்படிப் போறது? சுவர் இருக்கே."

"மேசை ஏன் சுவத்தோட ஒட்டிக் கெடக்கு?"

"அது எப்பவும் அங்கதான் இருக்கு."

"எப்பவும்னா?"

"நான் வர்றதுக்கு முன்னாடியிலிருந்து" என்றாள் மல்சூன். சொல்லும்போதே அவளுக்கு அசடு தட்டியது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு மேசைமேல் விழுந்து எழுந்துகொண்டிருந்தவள், அதை இழுத்துப் போடலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

யுன்ஹா இறங்கினாள். ஒருத்தி தலைமாட்டையும் ஒருத்தி கால்மாட்டையும் பிடித்து இழுத்தார்கள். கால்கள் தரையோடு பாசி பிடித்து ஒட்டியிருந்தன. மூன்றாவது இழுப்பில் காது கூசும்படி கிறீச்சிட்டுக்கொண்டு மேசை ஒரு முழம் முன்னால் வந்தது. முதலாளியம்மா செருப்போடு உள்ளே ஓடி வந்தாள்.

"என்னடி இது, கூடத்தை இடிக்கிறீங்களா? கடிதம் எங்க?"

"நான்தாங்க ஆஸ்பத்திரிலிருந்து வர்றேன்" என்றாள் யுன்ஹா, பிறந்த மேனியாக, ஒரு பக்கம் சிவந்தும் ஒரு பக்கம் அழுக்கோடும். "ஒட்டாதுன்னு டாக்டர் கையெழுத்து போட்டது என் பையில இருக்கு. இன்னொரு வரிக்கும் இன்னிக்கே அவர்கிட்ட வாங்கித் தர்றேன். மேசை இப்படி நடுவுல இருந்தா அவங்க வேலை செய்யலாம். மறுபடி சுவத்துக்குப் போச்சுன்னா கூடாது. அந்த இறுக்கக் கட்டும் கூடாது."

முதலாளியம்மா மேசையைப் பார்த்தாள், யுன்ஹாவைப் பார்த்தாள், குரலைத் தணித்தாள். "எழுத்து எனக்குப் போதுங்க சிஸ்டர். ஆனா ஜனங்களுக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இவ கையில இனிமே வந்து படுக்கப் போறது யாரு?"

அது எந்தக் குச்சியாலும் ஆகிற காரியம் இல்லை.

மல்சூன் நீச்சலுடையின் தோள்பட்டியை இறக்கினாள். கால் வழியாகக் கழற்றி ஆணியில் மாட்டினாள். துணிப்பட்டையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். மற்றத் தேய்ப்புக்காரிகளைப்போலக் கறுப்பு உள்ளாடையோடு நின்றாள். இடது வயிற்றில் உள்ளங்கையளவு தோல்நிறப் பை ஒட்டியிருந்தது. குழாய்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி சோப்பு நுரையைக்கூடக் கழுவாமல் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மல்சூன் அதையும் பார்த்தாள். இருந்தும் மேசைமேல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு நிமிர்ந்தாள்.

"அடுத்தது யாரு?"

யாரும் எழுந்திருக்கவில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

சுடுநீர்த் தொட்டியில் தண்ணீர் பெரிதாகச் சலசலத்தது. ஒக்ஜா கழுத்துவரை சிவந்துபோய் வெளியே ஏறி வந்தாள். "தள்ளுங்க சிஸ்டர், உங்களுக்கு அப்புறம் ஆகட்டும். எனக்குப் பதினோரு நாளா இந்த எடது பக்கம் அப்படியே கெடக்கு. பாதி அழுக்கோட படையல் போட்டேன். என் மாமியார் மேலேருந்து பாத்து என்ன சொல்லியிருப்பாளோ!"

"மிரான்கிட்ட படுத்திருக்கலாமேக்கா" என்றாள் மல்சூன்.

"அவ தடவுவா. எனக்குத் தேய்க்கணும்." ஒக்ஜா மேசையில் ஏறி மல்லாக்கப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மல்சூன் மேசையைச் சுற்றிக்கொண்டு சுவருக்கும் அதற்கும் இடையில் போய் நின்றாள். ஒக்ஜாவின் இடது தோளில் கை வைத்தாள். அழுதுகொண்டேதான் தேய்த்தாள், அதை மறைக்கவும் இல்லை.

"மெதுவாடி, தோலை உரிச்சுடாத" என்றாள் ஒக்ஜா.